பயற்றங்காயில் புது ரகம் உருவாவது எப்படி? தொடக்கநிலை வாசகர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கோலாலம்பூரில் காய்கறி நட ஒரு முழம் இடம் கிடைத்தாலும் அங்கே பயற்றங்காய் ஏறிவிடும். தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியின் சமூகத் தோட்டம், தமிழ்ப்பள்ளியின் ஓரப் பாத்தி, அடுக்குமாடியின் பின்வேலி என்று எங்கு பார்த்தாலும் கழியைச் சுற்றிய கொடி. விதைத்த ஒன்றரை மாதத்தில் காய் பறிக்கலாம் என்பதால் பலருக்கும் இதுதான் முதல் பயிர். ஆனால் ஒரே உரம் போட்டு, ஒரே அளவு தண்ணீர் ஊற்றியும் ஒருவர் கொடி காய்த்துத் தள்ளுகிறது. அடுத்தவர் கொடி இலையாகவே நிற்கிறது. காரணத்தில் ஒரு பங்கு மண்ணில், இன்னொரு பங்கு விதைக்குள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பங்கைப் பற்றியது. இதைப் புரிந்துகொண்டால் ஒரு சிறு தோட்டத்திலேயே கலப்புச் செய்து பார்க்கலாம். முறை தட்டைப்பயறுக்கும் பச்சைப்பயறுக்கும் உளுந்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பயற்றங்காயும் தட்டைப்பயறும் வேறுவேறு செடிகள் அல்ல. இரண்டும் விக்னா உங்குயிகுலாட்டா என்ற ஒரே இனம். இரண்டுக்கும் 11 இணை குரோமோசோம்கள். நீண்ட, சதைப்பற்றுள்ள காய்க்காக மனிதர் தேர்ந்தெடுத்தது ஒன்று. மணிக்காகத் தேர்ந்தெடுத்தது மற்றொன்று. அதனால் இரண்டையும் தடையில்லாமல் கலக்கலாம். பிலிப்பைன்ஸில் பயற்றங்காயையும் தட்டைப்பயறையும் கலந்து, கழி நடத் தேவையில்லாத குட்டைச் செடி ரகங்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

மூடிய பூவும் மாறாத விதையும்

பயற்றம் பூவில் பின்னால் பெரிதாக விரிவது கொடி இதழ். பக்கத்தில் இரண்டு சிறகு இதழ்கள். நடுவே படகுபோல ஒட்டிக்கிடக்கும் இரண்டு இதழ்களுக்குள் பத்து மகரந்தத் தாள்களும் சூல்தண்டும் அடைபட்டிருக்கின்றன. பூ விரிவதற்கு முந்தைய இரவே மகரந்தப் பை வெடித்து, அதே பூவின் சூல்முடியில் தூள் விழுந்துவிடுகிறது. விடியற்காலையில் பூ விரியும்போது பெரும்பாலும் வேலை முடிந்துவிட்டது. நண்பகலுக்குள் பூ மூடியும் விடுகிறது. இதுதான் தன் மகரந்தச் சேர்க்கை.

இதனால் ஒரு நன்மை உண்டு: நீங்கள் எடுத்துவைக்கும் விதை தாய்ச்செடியைப் போலவே வரும். இதே காரணத்தால் ஒரு முட்டுக்கட்டையும் உண்டு. பல தலைமுறை தனக்குத்தானே சேர்ந்த செடியில் ஒவ்வொரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒன்றாகவே இருக்கும். அத்தகைய செடியின் பிள்ளைகளுக்குள் மரபு வேறுபாடே இல்லை. டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோகான்சன் 1903இல் இதைப் பீன்ஸ் விதைகளைக் கொண்டே காட்டினார். ஒரு தூய வழியிலிருந்து, அதாவது தன்சேர்க்கையால் மரபு வேறுபாடு இல்லாமல் போன ஒரே செடியின் வாரிசுகளிலிருந்து, பெரிய விதைகளைத் தனியாகவும் சிறிய விதைகளைத் தனியாகவும் எடுத்து விதைத்தார். இரண்டிலிருந்தும் வந்த விதைகளின் சராசரி எடை ஒன்றாகவே இருந்தது. முதலில் கண்ட பெரிது, சிறிது எல்லாம் சூழலின் விளைவு. 'ஜீன்' என்ற சொல்லை 1909இல் உலகுக்குத் தந்தவரும் இவரே.

ஒரே பாக்கெட் விதையிலிருந்து வந்த கொடிகளில் நீளமான காயை மட்டும் ஆண்டுதோறும் விதைக்கு விட்டால் ரகம் மேம்படும் என்று பலர் உழைக்கிறார்கள். நோய்ச் செடிகளை விலக்கியதால் கொஞ்சம் பலன் கிடைக்கலாம். மரபில் எதுவும் நகராது. தேர்ந்தெடுக்க முதலில் வேறுபாடு வேண்டும். வேறுபாடு வேண்டுமென்றால் இரண்டு ரகங்களைக் கலக்க வேண்டும்.

ஒரு மரபணுப் பண்பும் பல மரபணுப் பண்பும்

மரபியலே ஒரு பயறுச் செடியில்தான் தொடங்கியது. கிரிகோர் மெண்டல் 1856 முதல் 1863 வரை பட்டாணியில் கலப்புச் செய்து, 1866இல் முடிவுகளை வெளியிட்டார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்ததில் முதல் தலைமுறை விதைகள் எல்லாம் உருண்டை. அவற்றைத் தன்சேர்க்கைக்கு விட்டதும் இரண்டாம் தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கல். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மறைந்திருந்த சுருங்கல் பண்பு அழியவில்லை. ஒடுங்கி நின்று மீண்டும் வந்தது. இப்படி மறைந்து நிற்பது ஒடுங்கு பண்பு, அதை அடக்கி வெளியே தெரிவது ஓங்கு பண்பு. அந்தச் சுருக்கத்துக்குக் காரணம் 1990இல் தெரிந்தது: மாவுச்சத்தைக் கிளைவிடச் செய்யும் நொதிக்கான மரபணு உடைந்திருந்தது. மாவு குறைந்து சர்க்கரை கூடியதால் பிஞ்சு விதை கூடுதல் நீரை இழுத்துக்கொள்கிறது. காயும்போது அந்த நீர் போய்த் தோல் சுருங்குகிறது.

பயற்றங்காயிலும் இப்படி ஓரிரு மரபணுவால் தீர்மானமாகும் பண்புகள் உண்டு. வெள்ளைப் பூவை ஊதாப் பூ அடக்கும். பச்சைக் காயை ஊதாக் காய் அடக்கும். குட்டை வளர்ச்சியைக் கொடி வளர்ச்சி அடக்கும். அசுவினியைத் தாங்கும் தன்மைக்கும் தனி மரபணுக்கள் தட்டைப்பயறில் கண்டறியப்பட்டுள்ளன. இவை கண்ணுக்குத் தெரியும், எண்ணிப் பிரிக்கலாம்.

மகசூல் அப்படி அல்ல. காய்களின் எண்ணிக்கை, காயின் எடை, பூக்கும் நாள், உதிராமல் நிற்கும் பூக்களின் பங்கு, வேரின் ஆழம், நோய் தாங்கும் திறன் எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகைதான் மகசூல். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் பல மரபணுக்கள். ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. மேலும் இவை ஒன்றையொன்று இழுக்கும். காய் நீண்டால் பொதுவாக எண்ணிக்கை குறையும். ஒரு கொடியில் 18 கிராம் காய் 40, இன்னொன்றில் 26 கிராம் காய் 28 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 720 கிராம், இரண்டாவது 728 கிராம். நீளத்தைப் பார்த்து மயங்கித் தேர்ந்தெடுத்தவருக்குக் கிடைத்தது 8 கிராம்.

பயறு வகைகள் நெல்லைப்போலக் கொட்டிக் கொடுக்காததற்கும் உடலியல் காரணம் உண்டு. ஒரு கிராம் குளுக்கோஸைச் செலவிட்டால் செடியால் சுமார் 0.8 கிராம் மாவுச்சத்து செய்ய முடியும். புரதம் என்றால் சுமார் 0.4 கிராம்தான். விதையில் புரதத்தை நிரப்புவது விலைகூடிய வேலை. வேர் முடிச்சில் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாவுக்கும் செடியே சர்க்கரை ஊட்டுகிறது. ஆகவே பயறில் மகசூலைக் கூட்டுவது என்றால், பெரும்பாலும், இழப்பைக் குறைப்பது: பூ உதிர்வு, நோய், ஒரே நேரத்தில் முற்றாமை. 1971இல் தைவானில் தொடங்கிய உலகக் காய்கறி மையம் பச்சைப்பயறில் செய்ததும் இதுவே. விட்டுவிட்டுக் காய்த்து நாலைந்து முறை பறிக்கவேண்டிய செடியை, குறுகிய நாளில் ஒருசேர முற்றும் செடியாக மாற்றினார்கள்.

இடமும் இதில் பேசும். கோலாலம்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 20 நிமிடம்தான். மிதவெப்ப நாட்டுச் சோயாவை இங்கே விதைத்தால் எப்போதும் குறும்பகல் என்று எடுத்துக்கொண்டு, செடி முழங்கால் உயரம்கூட எட்டாமல் பூத்துவிடும். இலை போதாது; காயும் போதாது. வெப்பமண்டலத்துக்கான சோயா ரகங்களில் இளமைப் பருவத்தை நீட்டும் மரபணுவைச் சேர்ப்பது இதனால்தான். இரவு வெப்பமும் முக்கியம். தட்டைப்பயறில் இரவு வெப்பம் கூடினால் மகரந்தம் சரியாக உருவாகாது, பை வெடிக்காது, பூ உதிரும். வெளிநாட்டுப் பாக்கெட்டில் எழுதியிருக்கும் மகசூலை இங்கே அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

கலப்புச் செய்யும் முறை

பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. ஒருவரிடம் குறையாக இருப்பது மற்றவரிடம் நிறைவாக இருக்கவேண்டும்: நன்றாகக் காய்த்தாலும் இலையில் திட்டுத்திட்டாக நிறம் மாறும் தேமல் நோய்க்கு விழும் பச்சைக்காய் ரகம் ஒன்று, காய் சுமாரானாலும் நோயைத் தாங்கும் ஊதாக்காய் ரகம் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பச்சையைத் தாயாக வையுங்கள். ஊதா ஓங்கு பண்பு என்பதால், கலப்பு உண்மையிலேயே நடந்ததா என்பதைப் பிறகு காய் நிறமே சொல்லிவிடும். தாயை ஒரே நாளில் விதைக்காமல் ஐந்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதைத்தால் இரண்டும் ஒரே சமயம் பூக்கும் வாய்ப்பு கூடும்.

தேவையானவை: கூர்நுனி இடுக்கி, தையல் ஊசி, ஸ்பிரிட், நூல் கட்டிய காகித அட்டை, பென்சில். பேனா மை மழையில் கரைந்துவிடும்.

வேலை மாலையில் தொடங்குகிறது. ஐந்து மணிக்கு மேல் ஏழு மணிக்குள். மறுநாள் விரியவிருக்கும் மொட்டைக் கண்டுபிடிக்கவேண்டும். அது முழு வளர்ச்சி அடைந்து பருத்திருக்கும், இதழ் நிறம் வெளுக்கத் தொடங்கியிருக்கும், ஆனால் இதழ் நுனி பிரிந்திருக்காது. அதே காம்பில் ஏற்கெனவே பிஞ்சு இருந்தால் கிள்ளிவிடுங்கள். மூத்த பிஞ்சு உணவை இழுத்துக்கொண்டு கலப்புப் பிஞ்சை உதிரவிடும். மொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மென்மையாகப் பிடித்து, கொடி இதழின் இரு ஓரமும் சேரும் விளிம்பில் ஊசியை ஓட்டி, ஒரு பக்கத்தை மடக்கிப் பெருவிரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சிறகு இதழையும் அப்படியே ஒதுக்குங்கள். இப்போது படகிதழ் தெரியும். அதன் ஓரத்தை நுனிக்குச் சற்றுக் கீழே ஊசியால் கீறி விலக்கினால் உள்ளே பத்து மகரந்தத் தாள்கள். ஒன்பது அடியில் ஒன்றாக இணைந்திருக்கும், ஒன்று தனியாக நிற்கும். பத்தையும் எண்ணி எடுங்கள். ஒன்று விட்டாலும் இரவில் அது வெடித்துத் தன்சேர்க்கை நடந்துவிடும். பைகள் மஞ்சளாகித் தூள் உதிரத் தொடங்கியிருந்தால் அந்த மொட்டு பயன்படாது. சற்று இளைய மொட்டுக்குப் போங்கள். சூல்தண்டில் இடுக்கி பட்டால் கறுத்து விழுந்துவிடும். முடிந்ததும் இதழ்களைப் பழைய நிலைக்கு மடக்கிவிட்டால் சூல்முடி காயாது.

மறுநாள் காலை ஏழரைக்கும் பத்துக்கும் இடையில், தந்தைச் செடியில் அன்று விரிந்த பூவைப் பறித்து, கொடி இதழைக் கிழித்துவிட்டுச் சிறகு இதழ்களைக் கீழே அழுத்துங்கள். மகரந்தம் அப்பிய சூல்முடி படகிதழின் நுனியிலிருந்து வெளியே நீளும். அதுவே தூரிகை. தாயின் சூல்முடியில் இரண்டு மூன்று முறை தடவினால் போதும். அட்டையில் தாயின் பெயரை முதலில், தந்தையின் பெயரை அடுத்து, பிறகு தேதி. அடுத்த ரகத்துக்குப் போகுமுன் இடுக்கியையும் விரலையும் ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள்.

புதிதாகச் செய்பவருக்குப் பத்துப் பூவில் இரண்டு மூன்று நின்றாலே நல்ல தொடக்கம். மூன்று நாளில் உதிர்ந்தால் பெரும்பாலும் சூல்தண்டு காயம், அல்லது மழை. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இங்கே பிற்பகல் மழை கொட்டும்; அப்போது கொடிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு அவசியம். நின்ற காயை அங்கேயே முற்றவிட்டு, சுமார் மூன்று வாரத்தில் தோல் காய்ந்ததும் எடுக்கலாம்.

அந்த விதையைப் பார்த்து ஏமாறவேண்டாம். விதை உறை தாய்ச்செடியின் திசு. அதனால் கலப்பு விதையும் வெளியே தாயின் விதையைப் போலவே இருக்கும். கலப்பு நடந்ததா என்பது அந்த விதை முளைத்துக் காய்க்கும்போதுதான் தெரியும். ஊதாக் காய் என்றால் உண்மைக் கலப்பு. பச்சை என்றால் தன்சேர்க்கை, பிடுங்கிவிடுங்கள்.

தலைமுறை எண்ணும் கணக்கு

கலப்பில் பிறந்த முதல் தலைமுறையை எஃப்1 என்பார்கள். எல்லாச் செடிகளும் ஒன்றுபோல இருக்கும். இங்கே தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. பூச்சி வராமல் பார்த்து எல்லா விதையையும் எடுங்கள். அதை விதைத்தால் வருவது எஃப்2. மெண்டலின் மூன்றுக்கு ஒன்று இங்கேதான் வெளிப்படும்.

எத்தனை எஃப்2 செடி வளர்க்கவேண்டும்? ஒடுங்கு பண்பு ஒன்றே வேண்டுமானால், ஒரு செடியாவது கிடைக்க 95 சதவீத வாய்ப்புக்கு 11 செடி போதும். இரண்டு ஒடுங்கு பண்புகள் சேர்ந்த செடி வேண்டுமானால் 47. மூன்று என்றால் 191. சமூகத் தோட்டத்தில் இரண்டு பண்புக்கு மேல் ஒரே சமயத்தில் ஆசைப்படக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

மகசூலுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. இரண்டு பெற்றோரும் பத்து மரபணுக்களில் வேறுபடுகிறார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வடிவம் நல்லது என்று கொள்வோம். எஃப்2வில் பத்திலும் நல்ல வடிவம் இரட்டையாக அமைந்த செடி ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று. எட்டு அல்லது அதற்குமேல் என்று இறங்கி வந்தாலும் 2,400க்கு ஒன்று. ஆனால் தேர்ந்தெடுக்காமல் தன்சேர்க்கைக்கே விட்டு எஃப்6 வரை கொண்டுபோனால் நிலைமை மாறும். ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு இணை, அதாவது இரண்டு பிரதிகளும் வேறுவேறாக உள்ள மரபணுக்களின் பங்கு, பாதியாகிறது: எஃப்2வில் 50 சதவீதம், எஃப்3இல் 25, எஃப்4இல் 12.5, எஃப்5இல் 6.25, எஃப்6இல் சுமார் 3. செடிகள் அநேகமாகத் தூய வழிகளாகிவிடுகின்றன. அப்போது பத்தில் எட்டாவது நல்லதாக அமைந்த வழி 100க்கு ஐந்து. 2,400 செடியில் தேடவேண்டியது 100 வழியில் கிடைக்கிறது.

இதைத்தான் ஒற்றை விதை முறை என்கிறோம். ஒவ்வொரு எஃப்2 செடியிலிருந்தும் ஒரு விதையை மட்டும் அடுத்த தலைமுறைக்கு எடுப்பது. முளைக்காமல் போகலாம் என்பதால் குழிக்கு இரண்டு விதை ஊன்றி, முளைத்ததும் ஒன்றை விடுங்கள். செடிக்கு ஒரு காய் போதும் என்பதால் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நடலாம். 100 செடிக்கு 20 மீட்டர் வரிசை. நம் ஊருக்கு இதில் பெரிய வசதி உண்டு. குளிர்காலம் இல்லை, விதைத்து விதை எடுக்க 70, 75 நாள். கலப்பிலிருந்து எஃப்6 விதை வரை ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும்.

இடைத் தலைமுறைகளில் கண்ணை மூடிக்கொண்டிருக்கவேண்டும் என்றில்லை. எந்தப் பண்பை எப்போது தேர்ந்தெடுப்பது என்பதில்தான் கவனம். ஒரு பண்பின் வேறுபாட்டில் மரபால் வரும் பங்கை மரபுரிமை வீதம் என்பார்கள். தேர்ந்தெடுத்த செடிகளின் சராசரி மொத்தச் சராசரியைவிட எவ்வளவு கூடுதலோ, அதை இந்த வீதத்தால் பெருக்கினால் அடுத்த தலைமுறையில் கிடைக்கும் முன்னேற்றம். காய் நீளத்தின் வீதம் 0.7 என்றால், சராசரி 45 சென்டிமீட்டர் இருக்க 55 உள்ளவற்றை எடுத்தால் பிள்ளைகள் 7 சென்டிமீட்டர் முன்னேறும். ஒற்றைச் செடியின் காய் எண்ணிக்கைக்கு வீதம் 0.2 என்றால், சராசரி 30 இருக்க 40 காய்த்தவற்றை எடுத்தாலும் கிடைப்பது இரண்டே காய். மீதி எட்டு அந்தச் செடி நின்ற மண்ணின், வெயிலின் கொடை. எஃப்2வில் அதிகம் காய்த்த ஒற்றைச் செடியை முடிசூட்டுவது, எங்கள் பார்வையில், தொடக்கநிலையாளர் செய்யும் மிகப் பெரிய தவறு. அங்கே நோய், செடியமைப்பு, பூக்கும் நாள், காய் நிறம் ஆகியவற்றை மட்டும் பாருங்கள். மகசூலை எஃப்6 வழிகள் வந்தபிறகு எடைபோடுங்கள்.

நோய்த் தேர்வுப் பாத்தியில் மருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் தாங்கும் செடியும் தாங்காத செடியும் ஒன்றுபோலத் தெரியும். பத்துச் செடிக்கு ஒன்றாக நோய்க்கு விழும் ரகத்தை இடையில் நடுங்கள். அது நோய்வாய்ப்பட்டால்தான் மற்றவை உண்மையில் சோதிக்கப்பட்டன என்று பொருள். தேமல் வைரஸ்களில் சில விதை வழியாகவே பரவும். தேமல் கண்ட செடியிலிருந்து ஒரு விதைகூட எடுக்காதீர்கள். யூரியாவையும் அள்ளிப் போடாதீர்கள். வேர் முடிச்சு குறையும், இலை மண்டும், முடிச்சு நன்றாக வேலை செய்யும் வழியை அடையாளம் காண முடியாமல் போகும். ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இல்லை.

எடைபோடும் சோதனை

எஃப்6இல் கண்ணுக்குப் பிடித்த எட்டுப் பத்து வழிகளை, இரண்டு பெற்றோருடனும் அக்கம்பக்கத்தில் எல்லாரும் போடும் ரகத்துடனும் சேர்த்து நடுங்கள். ஒவ்வொன்றும் மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குலுக்கிப் போட்ட வரிசையில். ஒரே இடத்தில் நட்டால் நிழலும் ஈரமும்தான் வெற்றியாளரைத் தீர்மானிக்கும். வரிசையின் இரு முனைச் செடிகளை எடைபோடாதீர்கள். அவற்றுக்கு வெளிச்சம் கூடுதல். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்து, பறிப்புத்தோறும் எடையைக் குறியுங்கள். காயை முற்றவிட்டால் கொடி புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஒரு பாத்தியை நாலு நாள் மறந்தாலே ஒப்பீடு கெட்டுவிடும். ஒரு பருவ முடிவை நம்பவேண்டாம். மழைப் பருவம் ஒன்று, வெயில் பருவம் ஒன்று என இரண்டிலும் முந்தும் வழியே நம்பத்தக்கது.

ஆய்வுக்கூடங்கள் இதே பாதையில்தான் நடக்கின்றன, வேகம் மட்டும் கூடுதல். தட்டைப்பயறின் மரபணுத்தொகுதி 2019இல் முழுமையாக வெளியானது. இலைத் துணுக்கிலிருந்து டிஎன்ஏ எடுத்து, நோய் தாங்கும் மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்கும் அடையாளக் குறியைப் பார்த்து, நாற்றிலேயே செடியைக் கழித்துக்கட்ட முடிகிறது. தேனீயால் ஓரளவு அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கும் துவரையில் இன்னொரு வழி திறந்தது: ஆண் மலட்டுத்தன்மை கொண்ட, அதாவது பயன்படும் மகரந்தம் உருவாக்காத, தாய்ச்செடியைப் பயன்படுத்தி, ஹைதராபாத் அருகிலுள்ள பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட் கலப்பினத் துவரையை உருவாக்கியது. பயற்றங்காயில் அது எளிதல்ல. பூ மூடியே கிடப்பதால் ஒவ்வொரு கலப்பு விதைக்கும் மேலே சொன்ன இடுக்கி வேலை வேண்டும், விலை கட்டாது. காயைத் துளைக்கும் புழுவான காய்த் துளைப்பானுக்கு எதிராகப் பயிரிடும் தட்டைப்பயறில் வலுவான எதிர்ப்பு கிடைக்காததால், பாக்டீரியா மரபணு சேர்த்த தட்டைப்பயறை 2019இல் நைஜீரியா வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதித்தது.

தேர்ந்தெடுத்த வழிகளின் விதையைக் காப்பாற்றுவதில் இந்த ஊரின் ஈரக்காற்றுதான் எதிரி. நிழலில் காயவைத்து, பல்லில் கடித்தால் நசுங்காமல் தெறித்து உடையும் பதம் வந்தபிறகு, இறுக மூடும் பாட்டிலில் சிலிக்கா ஜெல்லுடன் போடுங்கள். பயறு வண்டு முட்டை வயலிலேயே ஒட்டி வந்துவிடும். அதனால் பாட்டிலை ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுங்கள். சரியாகக் காயாத விதையை உறையவைத்தால் கரு செத்துவிடும். வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை விட்டுவிடுங்கள். உடனே திறந்தால் நீர்த்துளி விதைமேல் படியும். ஒவ்வொரு வழியிலும் 50 விதையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அடுத்த பருவம் மழையில் அழிந்தாலும் அந்த 50லிருந்து மறுபடி தொடங்கலாம்.